விளம்பரம் யார் வீட்டுச் சொல்?

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் சிக்கிக்கொண்டேன். பேசியவர் விளம்பரத் தொழிலிலேயே முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். நல்ல குரல், கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சு. ‘விளம்பரம்’ என்ற சொல்லே பத்திரிகை வந்த பிறகு பிறந்தது, சோப்பும் தலைவலித் தைலமும் விற்கவந்த கம்பெனிகளுக்காகத் தமிழன் செய்துகொண்டது என்றார். அதோடு விட்டிருந்தால் காப்பியைக் குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். விள் கூட்டல் அம்பரம், விளம்பரம். வானமெல்லாம் பூவாக விரிவது என்று பிரித்தும் காட்டிவிட்டார். அரங்கமே கைதட்டியது. பக்கத்திலிருந்த பெரியவர் என் தொடையைத் தட்டி, “என்ன அருமையாச் சொல்லுதாரு, பாத்தியளா?” என்றார்.

அம்பரத்துக்கு வானம் என்று பொருள் உண்டு. கடல் என்றும் ஆடை என்றும்கூட உண்டு. ஆடை என்று வைத்துக்கொண்டால் தீபாவளிக்கு முந்திய ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு அவர் சொன்னது பொருந்தும். இதற்குமேல் அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆனால், கம்பெனிக்காரனுக்காகப் பிறந்த சொல் என்றாரே, அதை அப்படி விடமுடியாது. அந்தச் சொல்லுக்குச் சோப்பு வந்து ஒட்டிக்கொண்டது பிற்பாடு. அதற்கு முன்னால் அது சர்க்காரின் சொல். ராஜாவும், கும்பினியும், கோர்ட்டும், ராணியும் ஊருக்கு ஒன்றைத் தெரியப்படுத்தினால் அந்தத் தாளுக்கும் அந்தச் செயலுக்கும் பெயர் விளம்பரம்.

என் தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் இற்றுப்போன பழுப்புத் தாள். தலையில் கொட்டை எழுத்தில் ஒரே சொல்: விளம்பரம். கீழே வாதி, பிரதிவாதி, கிராமம், சர்வே நம்பர், நான்கெல்லை, இத்தனை தென்னை, கிணற்றில் பாதி. கடைசியில் ஏலத் தேதி. திருப்பினால் முதுகில் வேறு கையெழுத்து. தமுக்குப் போட்டுப் பிரசித்தம் செய்து, சொத்தில் ஒரு நகலும் சாவடியில் ஒரு நகலும் ஒட்டியதாக அமீனா எழுதியிருந்தார். அதன்கீழ் இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒரு பெருவிரல் ரேகை. ரேகை தமுக்கடித்தவருடையது என்பார் தாத்தா. அந்தத் தோப்பும் அரைக்கிணறும் நமக்கு வந்ததா, நம்மை விட்டுப் போனதா என்பதை மட்டும் கடைசிவரைக்கும் அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

இந்தத் தாள் அப்படியே சட்டத்திலிருந்து இறங்கியது. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆம் ஆணையின் 54-ஆம் விதியைப் பாருங்கள். நிலத்தையோ வீட்டையோ ஜப்தி செய்தால், அந்த இடத்திலோ அதை ஒட்டிய இடத்திலோ பறையடித்தோ, வழக்கத்தில் உள்ள வேறு முறையிலோ அறிவிக்கவேண்டும். சொத்தில் கண்ணில் படுகிற இடத்திலும் கோர்ட் கட்டடத்திலும் நகல் ஒட்டவேண்டும். 66-ஆம் விதி ஏல விளம்பரம் எப்படித் தயாராகவேண்டும் என்று சொல்லும். அதையும் 54-இல் சொன்ன மாதிரியே ஊரறியச் செய்யவேண்டும் என்று 67 முடித்துவைக்கும். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலமாகியும் இந்த விதிகள் போகவில்லை. இன்றைக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் சாலையோரப் புளியமரக் காய்ப்புக்கும் கண்மாய் மீன்பாசிக்கும் ‘ஏல விளம்பரம்’ என்றுதான் ஒட்டுகிறார்கள். முப்பது வருஷத் தொழில்காரர் அந்தப் பலகைப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது.

பறையையும் சேர்த்துப் பேசாவிட்டால் விளம்பரத்தின் கதை பாதிதான். பறையறைந்து சொல்வதற்குக் கும்பினி வந்து நமக்குப் பாடம் எடுக்கவேண்டியிருக்கவில்லை. மணிமேகலையின் முதல் காதைக்கே விழாவறை காதை என்று பெயர். வச்சிரக்கோட்டத்து முரசை யானைப் பிடரியில் ஏற்றி, முரசறைகிற பழங்குடியில் பிறந்தவன் இந்திரவிழாவைப் புகார் நகருக்கு அறிவிக்கிறான். ‘அறைபறை’ என்ற சொல்லை வள்ளுவர் இரண்டு குறளில் வைக்கிறார், 1076-லும் 1180-லும். ஒன்று கயவர்க்கு, மற்றது காதலியின் கண்ணுக்கு. ரகசியம் தங்காத இரண்டு இடம்.

எனக்குப் பிடித்த இடம் சிலம்பின் காட்சிக் காதை. செங்குட்டுவன் வடக்கே புறப்படப்போகிறான். வில், கயல், புலி பொறித்த ஓலையை வடநாட்டு மன்னர்களுக்கெல்லாம் அனுப்பலாம் என்கிறான் வில்லவன்கோதை. அழும்பில்வேள் வேறு வழி சொல்கிறான். ஓலை வேண்டியதில்லை, நாவலந்தீவில் உள்ள பகையரசரின் ஒற்றர்களெல்லாம் வஞ்சி வாசலை விட்டு நகராமல் கிடக்கிறார்கள், ஊருக்குள் பறையறைந்தால் போதும். உள்ளூரில் அடிக்கிற பறை வெளியூர்க்காரன் காதுக்கு என்ற அரசியல் சூட்சுமத்தை அப்போதே கண்டவன் அவன்.

நாவலந்தீவைத்தான் வடமொழி ஜம்புத்தீவு என்கிறது. 1801 ஜூன் 16-ஆம் நாள் சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச்செய்த அறிக்கை ஜம்புத்தீவில் உள்ள எல்லாச் சாதியாரையும் விளித்துத்தான் பேசுகிறது. கும்பினிக்கு எதிராக எல்லோரும் எழவேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவனாவான் என்று முடிவில் சாபமும் வைக்கிறது. கோயில் கல்வெட்டின் வாலில், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று வருமே, அதே வாய்பாடு கல்லைவிட்டுக் காகிதத்துக்கு இறங்கியிருக்கிறது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தம் பங்குக்கு ஒன்றை வெளியிட்டார்: பாளையக்காரர் சீமையில் இனி யாரும் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வருஷத்தில் தாளுக்கு எதிர்த்தாள். முன்னதை நாம் இன்று ‘ஜம்புத்தீவுப் பிரகடனம்’ என்கிறோம். இந்தப் பிரகடனத்தின் வண்டவாளத்துக்குப் பிறகு வருகிறேன்.

தாளை விட்டுப் பறைக்குத் திரும்புவோம். பறைக்கு வெள்ளைக்காரன் சொன்ன டாம்டாம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு சண்டை உண்டு. குஜராத்தின் கதைகளை ‘ராஸ் மாலா’ என்று தொகுத்த ஃபோர்ப்ஸ், ‘டாம் டாம்’ என்றால் இடம் இடமாக, அடிப்பவன் இடத்துக்கு இடம் போய் அடிப்பதால் அந்தப் பெயர் என்று எழுதினார். ஹாப்சன்-ஜாப்சன் அகராதிக்காரர்கள் இதை ஏற்கவில்லை. ஓசையிலிருந்து பிறந்த சொல், எந்த ஒரு மொழிக்கும் சொந்தமில்லை என்றார்கள். நியாயமான தீர்ப்புதான். ஆனால் அவர்களே கொடுக்கிற சான்றுகளில் ஒன்று 1693-ஆம் வருஷத்துச் சென்னையிலிருந்து வருகிறது. மறுநாள் காலை சாவடி நீதிபதிகள் கறுப்பர் பட்டணத்துத் தெருக்கள் அத்தனையிலும் டாம்டாம் அடிக்கச்செய்ய வேண்டும் என்பது உத்தரவு. நம் சாவடியைத்தான் அவர்கள் ‘சவுல்ட்ரி’ என்று வாய்கோணச் சொன்னார்கள். சாவடி நம் சாவடி, தெரு தமிழர் தெரு, அடித்த கை தமிழ்க்கை. அதன் பெயர் மட்டும் குஜராத்திலிருந்து வந்தது என்றால் நான் நம்பத் தயாரில்லை. தம்பட்டம் என்ற சொல் அதே தெருவில் நடமாடிக்கொண்டிருந்தது. கன்னடத்தில் தமட்டெ, தெலுங்கில் தப்பெட, சிங்களத்தில் தம்மெட்டம. இலங்கையில் 1889-இல் வந்த சிவில் நடைமுறைச் சட்டம் இந்தியச் சட்டத்தின் ‘டிரம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘டாம்டாம் அடித்து’ என்றே எழுதியது.

தண்டோரா வேறு வழி. அது இந்தியின் டண்டோரா, வடக்கிலிருந்து இறங்கியது. அதைத் தண்டம் என்ற சொல்லோடு முடிச்சுப்போட்டு, தண்டனை அறிவிப்பதால் தண்டோரா என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கவேண்டும் என்று கலெக்டர்களுக்கு எழுதினார். சரியான காரியம். ஊரார் எல்லோருக்கும் பொதுவான சேதியைச் சொல்கிற வேலையை ஒரே சாதியின் தோளில் மாட்டிவிட்டு, அதையே அவர்களுக்கு இழிவாகவும் வைத்திருந்தோம். தாத்தாவின் காகிதத்தில் அமீனாவுக்குப் பெயர் இருக்கிறது, சாட்சிகளுக்குப் பெயர் இருக்கிறது, ஏலம் போன கிணற்றுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. ரேகைக்கு மட்டும் இல்லை.

இனி வேருக்கு வருவோம். விள் என்றால் திறத்தல், பிளத்தல், வாய்விட்டுச் சொல்லுதல். மொட்டு விள்ளும், வாயும் விள்ளும். மறைத்து வைத்ததை ‘விண்டு சொன்னான்’ என்பது இதன் இறந்தகாலம். விளி என்றால் கூப்பிடு. எட்டாம் வேற்றுமைக்கே அந்தப் பெயர். விளங்கு, விளக்கு, விளக்கம் எல்லாம் இருட்டைத் திறக்கிற கூட்டம். இந்தக் குடும்பத்தில் பிறந்தது விளம்பு. ‘சொல்’ என்பதற்கு நிகண்டுகள் அடுக்குகிற சொற்களில் அதுவும் ஒன்று. கம்பனிடம் விளம்பாதவர் யார்? ஆனால் அத்தனை சொற்களுக்கும் ஒரே எடை கிடையாது. காதோடு சொல்வதை விளம்புதல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பலர் அறியத் திறந்துவைத்துச் சொல்வதுதான் விளம்பல்.

என் அம்மா பிறந்தது நாஞ்சில் நாட்டில். அங்கே கல்யாணப் பந்தியில் யாரும் ‘பரிமாற’ மாட்டார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும், “ஏடே, விளம்ப ஆள் வாங்கடே!” என்று ஒரு குரல் வரும். இலையின் ஓரத்தில் உப்பில் தொடங்கி, துவட்டல், அவியல், எரிசேரி, பப்படம், பருப்பு, நெய் என்று வரிசையாக விளம்பிக்கொண்டே போவார்கள். பெரிய மாமா விளம்பும்போது குனிந்த முதுகு நிமிராது, ஓர் இலை தப்பாது. பணக்காரன் இலைக்கும் பக்கத்து இலைக்கும் ஒரே கரண்டி. ஒருமுறை எரிசேரிக்காரர் ஓர் இலையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினார் என்பதற்காக ஒரு சம்பந்தி குடும்பம் எழுந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

மலையாளத்திலும் சோற்றை விளம்பத்தான் செய்கிறார்கள். தமிழ் லெக்சிகனும் விளம்பு என்பதற்குச் சொல்லுதல், வெளிப்படுத்துதல் என்ற பொருள்களோடு உணவு பரிமாறுதலையும் தருகிறது. இவை வேறுவேறு சொற்கள், தற்செயலாக ஒரே உருவம் எடுத்தவை என்று சிலர் சாதிப்பார்கள். அவர்கள் பந்தியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஊரில் ஒரு தெருவும் விட்டுப்போகாமல் சேதியை வைப்பதும், பந்தியில் ஓர் இலையும் விட்டுப்போகாமல் சோற்றை வைப்பதும் ஒரே வினை. ஒன்றில் காது, மற்றதில் இலை.

இதற்கு வடலூரை விடச் சிறந்த சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. 1867-இல் வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். மே 23-ஆம் நாள் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்தச் சாலையைப் பற்றி ஊருக்கு அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பெயர் சாலை விளம்பரம். 1872-இல் ஞானசபைக்கு எழுதியது ஞானசபை விளம்பரம். எந்தக் கம்பெனி வள்ளலாருக்குச் சோப்பு விற்றது? சோறிடுவதை ஊரறியச் சொல்ல அவர் எடுத்த சொல், சோறிடுதலையும் ஊரறியச் சொல்லுதலையும் ஒருங்கே குறிக்கிற வேரில் முளைத்தது. அவர் அதை எண்ணித்தான் எடுத்தாரா என்று கேட்காதீர்கள். சொல்லுக்குத் தெரிந்திருந்தது.

வடமொழிக் கட்சிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சம்ஸ்கிருதத்தில் விளம்பம் என்றால் தாமதம். லம்ப என்ற வேருக்குத் தொங்குதல் என்று பொருள். தொங்கிக்கொண்டே இருப்பது தாமதமாகிறது. கச்சேரியில் விளம்ப காலம் என்கிறோமே, அது இது. அறுபது வருஷங்களில் ஒன்றான விளம்பியும் இதுதான். நான்மணிக்கடிகை பாடிய விளம்பிநாகனாரின் விளம்பியை ஊர்ப்பெயர் என்பார்கள். அவரை இந்த வம்பில் இழுக்கவேண்டாம். தாமதத்துக்கும் சர்க்கார் அறிவிப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாராய்ச்சி என்று சொல்ல முடியாது. என் நண்பர் ஒருவர், வடமொழிப் பண்டிதர், கெட்டிக்காரர். “தாமதத்தை விடும் ஓய், தொங்குவதைப் பிடித்துக்கொள்ளும். பலகையில் தொங்கவிட்ட தாள் விளம்பரம்” என்றார். பலகையும் தாளும் வருமுன்பே பறை வந்துவிட்டது என்றேன். பறையும் தோளில் தொங்குகிறதே என்றார். அன்றைக்கு அவர் வீட்டில் அதிரசம் நன்றாக இருந்ததால் அதற்குமேல் பேசவில்லை.

வேர் விளம்பு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் வால் இடிக்கும். அந்த ‘அரம்’ எங்கிருந்து வந்தது? இரும்பு ராவுகிற அரமா என்று கேலிசெய்வார்கள். என் பதில் மூன்றே சொல். நிலவு, நிலவரம். கலவு, கலவரம். விளம்பு, விளம்பரம். ஒரே அச்சு. நிலவிக்கொண்டிருப்பது நிலவரம், ஒன்றோடொன்று கலந்து குழம்பியது கலவரம், விளம்பியது விளம்பரம். நிலவரத்தை நிலை, வரம் என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்; எந்தச் சாமி கொடுத்த வரம் என்று கேட்டால் பதில் வராது. காலையில் நாளிதழைப் பிரித்தால் இந்த மூன்று சொல்லுக்குள் முழுப் பத்திரிகையும் அடங்கிவிடுவது தனிக் கதை.

தமிழில் இந்தச் சொல் இறங்கிப்போனது. மலையாளத்தில் இறங்கவில்லை. அங்கே இன்றும் அது செங்கோல் பிடித்த சொல். 1809 ஜனவரி 11-ஆம் நாள் வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராக எழும்படி திருவிதாங்கூர் மக்களுக்கு விடுத்தது குண்டறா விளம்பரம். வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. குண்டறாவுக்கும் ஸ்ரீரங்கத்து மதிலுக்கும் இடையே எட்டு வருஷத்துக்கும் குறைவு. எதிரி ஒன்றே, சேதியும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று மலையாளத்தில் விளம்பரமாகவே நிற்கிறது, மற்றதைத் தமிழில் பிரகடனம் ஆக்கிவிட்டோம்.

அதே திருவிதாங்கூரில் 1829-இல் ஒரு விளம்பரம் நாடார் பெண்களுக்குத் தோள்சீலையை மறுத்தது. 1859 ஜூலை 26-இல் இன்னொரு விளம்பரம், சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் கொடுத்த நெருக்கடிக்குப் பிறகு, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. இடையில் முப்பது வருஷம், எத்தனையோ அடி, உதை, எரிந்த வீடுகள். அம்பரம் என்றால் ஆடை என்று மேலே கேலி செய்தேன். விளம்பரத்தில் ஆடையும் அழுகையும் கலந்த கதை இது ஒன்றுதான், இதில் கேலிக்கு இடமில்லை. 1865-இல் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களுக்குப் பாத்தியதை தந்தது. 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்டது க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம். சுசீந்திரம் உள்பட அன்றைய திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது அதனால்தான். ‘விள்’ என்றால் திற. அந்தச் சொல் தன் வேருக்கு முழுக்க உண்மையாக நடந்துகொண்ட நாள் அது. தமிழில் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆலயப் பிரவேசப் பிரகடனம். நாலு எழுத்து மாற்றிச் சொன்னால் கூட்டம் கூடாதோ?

மலையாளி எப்படிக் காப்பாற்றினான் என்பதற்கு எளிய காரணம் உண்டு. ரகசியத்துக்கு எதிராக அவனிடம் பரஸ்யம் என்று ஒரு சொல் இருந்தது. சோப்பும் தைலமும் வந்தபோது பரஸ்யத்தை அவற்றோடு அனுப்பிவிட்டு விளம்பரத்தை அரண்மனையிலேயே வைத்துக்கொண்டான். நம்மிடம் அப்படி உபரியாக ஒன்று இல்லை. அச்சு வந்தபோது, சர்க்கார் அறிவிப்பும் புத்தக வியாபாரியின் அறிவிப்பும் மருந்துக்கடை அறிவிப்பும் ஒரே பத்திரிகையில் ஒரே தலைப்பின்கீழ் வந்தன. சர்க்கார் மாதத்துக்கு ஒன்று போட்டால் வியாபாரி நாளுக்கு மூன்று போட்டான். சொல் அதிகம் புழங்குகிற கைக்கே போய்விடும்.

காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தது பிரகடனம். 1858 நவம்பர் 1-ஆம் நாள் அலகாபாத்தில் கானிங் பிரபு படித்தாரே, விக்டோரியா ராணி கும்பினியிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்டதாக, அதை நம் பாடப்புத்தகம் ‘பேரறிக்கை’ என்கிறது; மேடை ‘மகாராணி பிரகடனம்’ என்கிறது. 1975-இல் வந்தது அவசரநிலைப் பிரகடனம். பிரகடம் என்றால் வெளிப்படையானது, நல்ல வடசொல்தான், எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் கம்பீரத்துக்காக அதை எடுத்தோம் என்பவர்கள் விஜயவாடா வரை ஒரு நடை போய்வரவேண்டும். தெலுங்கில் சோப்பு விளம்பரத்துக்குப் பெயர் ‘ப்ரகடன’. நாம் ராணிக்குக் கட்டிய பட்டு அங்கே கடைக்காரனின் மேஜை விரிப்பு. சொல்லில் கம்பீரம் பிறவியில் வருவதில்லை என்பதற்கு இந்த ஒரு சான்று போதாதா? யாழ்ப்பாணத்தார் இந்தக் குழப்பத்திலிருந்து கொஞ்சம் தப்பித்தவர்கள். அங்கே சர்க்கார் தாளுக்கு வர்த்தமானி என்று தனிப்பெயர். சாவைக்கூட ‘மரண அறிவித்தல்’ என்று அடக்கமாகச் சொல்வார்கள். பேசுவதை இன்னும் ‘பறைதல்’ என்று சொல்கிற ஊர் அது.

என் கட்சியை நான் மறைத்து வைக்கவில்லை. விளம்பரம் தமிழ்ச்சொல், விளம்பு அதன் தாய், ஊருக்கு ஒரு தெரு விடாமல் சேதி வைப்பது அதன் முதல் தொழில். சோப்புக்காரருக்கு அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம், விற்கவில்லை. சின்ன மருதுவின் தாளை ஜம்புத்தீவு விளம்பரம் என்றுதான் இனி நான் எழுதப்போகிறேன். அச்சுக்கோப்பவர் திருத்தினால் மறுபடி திருத்துவேன்.

போன வாரம் ஒரு வேலையாகத் தாலுகா ஆபீஸ் ஒன்றுக்குப் போயிருந்தேன். சட்டப்படி ஏல விளம்பரம் ஒட்டவேண்டிய மதில். அதில் ஓரடி உயர எழுத்தில், ‘விளம்பரம் செய்யாதீர்’. அதன்மேலேயே பசை காயாத ஒரு ஏல விளம்பரம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1858-க்கு முந்திய தமிழ்த் தாள், தலையில் ‘விளம்பரம்’ என்று எழுதியது, யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் நகல் அனுப்பி உதவுங்கள். விள் கூட்டல் அம்பரத்துக்காரருக்கு அதை நேரில் கொண்டுபோய்க் காட்ட ஆசை. சுவரிலோ பலகையிலோ ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்கவேண்டாம். மருது வைத்த சாபம் நினைவிருக்கட்டும்.